அடிக்கும் காற்றும் ஏற்றும் காற்றும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையிலிருந்து தென்மேற்கே ஏர்வாடியைக் கடந்து போனால் வாலிநோக்கம். முன்னால் மன்னார் வளைகுடா. பின்னால் உப்பளம், பனை, சீமைக்கருவேலம். தரை எங்கும் மட்டம். இந்தக் கரையில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். மழைக்காலம் ஓய்ந்ததும் வடகிழக்கிலிருந்து வாடை பிடித்துக்கொள்ளும். இவை தணிந்திருக்கும் நாட்களில்கூட வெயில் ஏறிய பிறகு கடற்காற்று வந்துவிடும். இதே காற்றை நம்பித்தான் மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் கரைகளில் கைட் சர்ஃபிங் வளர்ந்திருக்கிறது. இவ்வளவு காற்று வீசும் இடத்தில், ஒரு பைலட்டின் முன்னால் பயணியாக அமர்ந்து பாராகிளைடரில் பறக்க முடியாதா என்று யாரும் கேட்கலாம். முடியாது, முயலவும் கூடாது என்பதே என் பதில். காற்று இங்கே வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அது போகும் திசை நமக்கு உதவாத திசை. தரையோடு தரையாக அடிக்கும் காற்று ஒன்று, மேல்நோக்கி ஏற்றும் காற்று வேறொன்று. முதன்முறை பறக்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியலில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதற்கு, தினமும் நூறு பேர் பறக்கும் மலையூரைவிடப் பறக்கத் தோதில்லாத வாலிநோக்கமே நல்ல இடம் என்று நினைக்கிறேன்.

முதலில் பறக்கும் பொருளைப் பார்ப்போம். இருவரைச் சுமக்கும் பாராகிளைடரின் இறக்கை ஏறத்தாழ 40 சதுர மீட்டர் பரப்புள்ள நைலான் துணி. அதைத் தாங்கி நிற்க விறைப்பான சட்டம் எதுவும் கிடையாது. மேல்துணி, கீழ்துணி இரண்டையும் இணைக்கும் தடுப்புகள் அதை வரிசையான அறைகளாகப் பிரிக்கின்றன. பெரும்பாலான அறைகளுக்கு முன்விளிம்பில் ஒரு வாய். இறக்கை முன்னே நகரும்போது எதிர்க்காற்று அந்த வாய்களில் புகுந்து உள்ளே தேங்க, அந்த அழுத்தமே துணிக்கு விமான இறக்கையின் வடிவத்தைக் கொடுக்கிறது. எவ்வளவு அழுத்தம்? மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது சுமார் 67 பாஸ்கல். 7 மில்லிமீட்டர் உயரம் தேங்கிய நீர் தன் அடியில் கொடுக்கும் அழுத்தத்துக்குச் சமம். விரல் நகத்தின் உயரம்கூட வராத நீர்தான் இரண்டு மனிதரைத் தாங்கும் இறக்கையை விறைப்பாக நிறுத்துகிறது என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் கணக்கு சரியாகவே வருகிறது. பைலட், பயணி, கருவிகள் எல்லாம் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டர் துணியின்மேல் விழும் சுமை நாலரை கிலோதான்.

பயணியின் முதல் பயம் எப்போதும் இந்தத் துணியின்மேல்தான் விழுகிறது. கிழிந்துவிடாதா, கயிறு அறுந்துவிடாதா என்ற பயம் அது. உண்மையில் துணிதான் இந்த விளையாட்டிலேயே அதிகம் சோதிக்கப்பட்ட பகுதி. அறைகள் கொண்ட இறக்கையை அமெரிக்கரான டொமினா ஜால்பர்ட் 1960-களில் உருவாக்கினார். விமானத்திலிருந்து குதிக்கப் பயன்பட்டுவந்த அந்த வடிவத்தை 1978-இல் பிரான்சின் மியூசி என்ற ஆல்ப்ஸ் கிராமத்தில் குதிப்பு வீரர்கள் மலைச்சரிவிலிருந்து ஓடிப் பறக்கப் பயன்படுத்தினார்கள். பாராகிளைடிங் என்ற தனி விளையாட்டு அங்கேதான் வேர்விட்டது. இன்று ஐரோப்பியத் தரச்சான்று பெறும் எந்த இறக்கையும், அது சுமக்க அனுமதிக்கப்பட்ட எடையின் எட்டு மடங்கு சுமையைத் தாங்கிக் காட்ட வேண்டும். பழசாகி வெயிலில் நைந்த துணி வேறு விஷயம். ஒழுங்காகப் பராமரித்த இறக்கை நடுவானில் கிழிவது மிக அரிது. துணி மடங்குவது, சுருங்குவது, நின்றுபோவது எல்லாம் நடக்கின்றன. அவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் துணியைச் சுற்றியுள்ள காற்று. 67 பாஸ்கலில் நிற்கும் இறக்கைமேல் ஒரு சுழல் கீழ்நோக்கி அமுக்கினால் அது மடங்கத்தான் செய்யும். ஆகவே பயப்பட வேண்டிய இடமும் நம்ப வேண்டிய இடமும் துணிக்கு வெளியே இருக்கின்றன.

அங்கேதான் ஒரு பழைய கேள்வி குறுக்கே வருகிறது: இறக்கை அசைக்காத பறவை எப்படி உயரத்தை இழக்காமல் மிதக்கிறது? வானம் ஏன் நீலம் என்பதை விளக்கிய ரேலி பிரபு 1883-இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய சிறு குறிப்பில் இதற்கு விடை சொன்னார். சீராகவும் கிடைமட்டமாகவும் வீசும் காற்றில் எந்தப் பறவையும் உழைக்காமல் உயரத்தைக் காத்துக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். உழைக்காத பறவை ஒன்று மிதக்கிறது என்றால் மூன்றில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும். அதன் பாதை கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இல்லையேல் காற்று கிடைமட்டமாக இருக்கக் கூடாது. இல்லையேல் காற்று சீராக இருக்கக் கூடாது. இதற்குக் காரணம் எளிது. ஆற்றோடு போகும் தெப்பத்தில் இருப்பவருக்கு ஆற்றின் ஓட்டம் தெரியாது. கரையைப் பார்த்தால்தான் தெரியும். அதுபோலக் காற்றுக்குள் இருக்கும் பாராகிளைடருக்கு, அந்தக் காற்று தரையைப் பொறுத்து எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. காற்றே இல்லாத நாளிலும் அது மணிக்கு 38 கிலோமீட்டரில் தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கிழித்துப் போகும், விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் கீழிறங்கும். சூறையாக அடிக்கும் நாளிலும் அதே வேகம், அதே இறக்கம். வேகமான கச்சான் அதைத் தரையைப் பொறுத்து எங்கோ கொண்டுபோய்விடலாம். ஒரு முழம்கூட உயர்த்தாது.

கைட் சர்ஃபிங் செய்கிறவர் மட்டும் எப்படி அதே காற்றில் எழும்பிப் பறக்கிறார் என்று கேட்கலாம். அவருடைய பட்டம் இருபது, இருபத்தைந்து மீட்டர் கயிற்றால் அவரோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் காலடிப் பலகை தண்ணீரைப் பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் நகரும் காற்று, மறுபக்கம் நகராத நீர். இரண்டுக்கும் இடையேயுள்ள வேக வேறுபாட்டிலிருந்துதான் ஆற்றல் கிடைக்கிறது. பலகை நீரைவிட்டு எழும்பிய பின் அவர் விநாடிக் கணக்கில்தான் மேலே நிற்க முடியும், பிறகு இறங்கியே ஆக வேண்டும். பாய்மரப் படகுக்கும் இதே விதிதான். நீருக்குள் இறங்கியிருக்கும் பலகையும் சுக்கானும் இல்லாவிட்டால் பாய் எவ்வளவு பெரிதாக இருந்தும் படகு காற்றடித்த பக்கம் ஒதுங்கிப் போகும், அவ்வளவுதான். பாராகிளைடருக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே கைட் சர்ஃபிங்குக்குச் சிறந்த கரை, பாராகிளைடிங்குக்கும் சிறந்த கரை என்ற முடிவு தவறான அடித்தளத்தின்மேல் நிற்கிறது.

ரேலி சொன்ன மூன்று வழிகளையும் வாலிநோக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் வழி, பாதை கீழ்நோக்கிச் சரிவது. உயரத்திலிருந்து புறப்பட்டு உயரத்தைச் செலவழித்து வருவது இது. ஹிமாச்சலப் பிரதேசத்தின் பீர்–பில்லிங் உலகம் அறிந்த பறக்கும் இடமானதற்கு முதல் காரணம் இந்த எளிய கணக்கு. புறப்படும் இடமான பில்லிங் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்குமிடம் அதற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே. விநாடிக்கு 1.2 மீட்டர் இறங்கினால், ஏற்றும் காற்று ஒரு துளிகூட இல்லாவிட்டாலும் பதினான்கு நிமிடம் காற்றில் இருக்கலாம், எட்டுக் கிலோமீட்டர் தூரம் மிதக்கலாம். நம் ஏலகிரியில் முயன்றாலும் மலை கொடுக்கும் உயரமே மூலதனம். வாலிநோக்கத்தில் அந்த மூலதனம் கிடையாது. ராமேஸ்வரம் தீவின் உயர்ந்த இடமாகப் பக்தர்கள் ஏறிப் பார்க்கும் கெந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடுதான் என்றால், இந்தக் கரையின் மட்டத்தைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, காற்று கிடைமட்டத்தைவிட்டு மேல்நோக்கித் திரும்புவது. இது இரண்டு விதமாக நடக்கும். கடற்காற்று ஒரு செங்குத்தான கரையில் மோதினால் போக வேறு வழியில்லாமல் மேலேறும். அப்படி ஏறும் காற்றின் வேகம் இறக்கையின் இறக்க வேகத்தைவிட அதிகமாக இருந்தால், அந்தச் சரிவின் முன்னால் போவதும் வருவதுமாக மணிக்கணக்கில் மிதக்கலாம். கேரளத்தின் வர்க்கலையில் கடலை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் செம்பாறைச் சுவர் இதைத்தான் செய்கிறது. பிரான்சின் பிலா மணல்மேடு நூறு மீட்டருக்கு மேல் எழுந்து நிற்பதால் அங்கேயும் இதுவே நடக்கிறது. வாலிநோக்கத்து மணல் திட்டுகள் காற்றைச் சற்றே தூக்கும். ஒரு கடற்காகம் அதில் விளையாடிப் போகலாம். 180 கிலோ ஏற்றிய இறக்கைக்கு அது போதாது. இந்த வகை ஏற்றம் கிடைக்கும் இடத்திலும் அது சரிவை ஒட்டிய குறுகிய பட்டையில்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பட்டையைவிட்டு விலகினால் இறங்க வேண்டும், இறங்கும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சந்திக்க வேண்டும். 2023 மார்ச்சில் வர்க்கலை பாபநாசம் கடற்கரையில் பயணியோடு பறந்த பாராகிளைடர் ஒன்று உயர்கோபுர விளக்குக் கம்பத்தின் உச்சியில் போய்ச் சிக்கியது. இருவரும் உயிர் தப்பினார்கள். சரிவு இருந்தும் நடந்தது அது. சரிவே இல்லாத கரையில் விளக்குக் கம்பமும் பனையும் இன்னும் விரைவாக எதிரே வரும்.

காற்று மேலேறும் இன்னொரு விதம் வெயிலால் வருவது. பறப்பவர்கள் தெர்மல் என்கிறார்கள். வெயில் தரையைச் சுட, தரை தன்மேல் படிந்த காற்றைச் சுட, அந்தக் காற்று லேசாகித் தூணாகக் கிளம்புகிறது. கிளம்பிய உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துகொண்டே போகும். அப்போதும் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். ராமநாதபுரத்தின் வெயிலுக்கு என்ன குறை, இங்கே தெர்மல் பொங்காதா? இந்தக் கேள்வியை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் பாதி உண்மை இதில் இருக்கிறது. விடை வாலிநோக்கத்து உப்பளத்தில் கிடைக்கிறது. 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனம் இங்கே பெரும் பரப்பில் உப்பு விளைவிக்கிறது. உப்பு விளைவதென்றால் நீர் ஆவியாவது. ஒரு கிலோ நீர் ஆவியாகச் சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் செலவாகும். ஒரு பாத்தியிலிருந்து ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் போகிறது என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 12 மெகாஜூல் அந்த வேலைக்கே தீர்ந்துவிடுகிறது. தமிழகக் கரையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் விழும் வெயிலின் சராசரி ஆற்றலே 20 மெகாஜூல் அளவில்தான். ஆக, காற்றைச் சூடாக்க வேண்டிய வெயிலில் பாதிக்கு மேல் நீரை ஆவியாக்கப் போய்விடுகிறது. நீர் வற்றி உப்பு பூத்த பாத்தியோ வெயிலை வெள்ளையாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எந்தக் காற்றும் வெயிலும் உப்பளத் தொழிலாளிக்கு விளைச்சலைக் கொடுக்கின்றனவோ, அவையே பறக்கிறவருக்கு வெறுங்கையைக் காட்டுகின்றன.

இதோடு கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கடலின் மேலிருந்து வரும் காற்று தரைக்காற்றைவிடக் குளிர்ச்சியானது. கரையைத் தாண்டி உள்ளே வரும்போது அடியில் ஒரு குளிர்ந்த படலமாகப் படர்கிறது. இந்தப் படலம் கரையோரத்தில் தெர்மல்களைத் தலைதூக்க விடாது. உள்ளே போகப் போகத் தரை அதைச் சூடாக்கி உடைக்கும். இதற்குச் சாட்சி சொல்பவை பறவைகள். உள்நாட்டில் முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள் இருக்கின்றன. இரண்டும் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. அங்கே வரும் மஞ்சள்மூக்கு நாரை போன்ற கனத்த பறவைகள் காலையில் வெயில் ஏறும்வரை பொறுத்திருந்து, பிறகு தெர்மலில் வட்டமிட்டு இறக்கை அசைக்காமலே உயரும் இயல்புடையவை. கடற்கரையில் ஆலாக்கள் ஓயாமல் இறக்கை அடித்தபடிதான் மீன் தேடுகின்றன. கமுதிப் பக்கத்துக் கரிசல் நிலமும், அங்கே 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் கருத்த தகடுகளும் வெயிலை உறிஞ்சிச் சூடேறக்கூடிய பரப்புகள். காற்று ஏறுமானால் அங்கே ஏறும். ஆனால் ஏறும் இடத்தில் இறங்கவும் வேண்டும். தகடுகளும் மின்கம்பிகளும் கருவேல முள்ளும் நிறைந்த தரையின்மேல் ஒரு புதுப் பயணியைக் கொண்டுபோக நல்ல பைலட் எவரும் ஒப்ப மாட்டார்.

கரையிலேயே செம்பருந்து வட்டமிடுகிறதே என்று கேட்டால், அது உண்மை. பருந்து வட்டமிடத்தான் செய்கிறது. அரைக் கிலோவுக்குச் சற்று மேலோ கீழோ எடையுள்ள அந்தப் பறவை மெதுவாகப் பறக்கும். மெதுவாகப் பறப்பதால் சிறிய வட்டம் போட முடியும். வட்டத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 டிகிரி சாய்ந்து திரும்பும் இருவர் பாராகிளைடருக்கு இருபது மீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும்; பருந்துக்கு அதில் பாதி போதும். கரையோரத்தில் அங்கங்கே கிளம்பும் ஒல்லியான, உடைந்த காற்றுத் தூணுக்குள் பருந்து அடங்கிவிடும். நாம் அதைச் சுற்றி வெளியே திரிவோம். தூணுக்கு வெளியே காற்று கீழ்நோக்கித்தான் போகும்.

மூன்றாவது வழி, காற்று சீராக இல்லாதிருப்பது. தென்கடலில் ஆல்பட்ராஸ் பறவை இதைக்கொண்டுதான் இறக்கை அசைக்காமல் கடலைக் கடக்கிறது: அலைமட்டத்தில் மெல்லிய காற்று, சில மீட்டர் உயரத்தில் வேகக் காற்று, இரண்டுக்கும் இடையே ஏறியும் சரிந்தும் ஆற்றலைக் கறந்துகொள்கிறது. அதற்குத் தேவையான வேகமும் கூர்மையான திருப்பமும் துணி இறக்கைக்குக் கிடையாது. நமக்கு இந்த வேறுபாடு ஆபத்தாக மட்டுமே வந்து சேர்கிறது. திறந்த மட்டமான நிலத்தில் காற்றின் வேகம் உயரத்தோடு எப்படிக் கூடும் என்பதற்குப் பொறியாளர்கள் ஒரு தோராய விதி வைத்திருக்கிறார்கள்: உயரத்தின் ஏழாம் மூலத்துக்கு ஏற்பக் கூடும். அதன்படி வாலிநோக்கம் மணலில் நிற்பவர் முகத்தில் மணிக்கு 20 கிலோமீட்டராகப் படும் காற்று, பனை உச்சியைவிடத் தாழ்ந்த 10 மீட்டர் உயரத்தில் 25, 100 மீட்டரில் 35, 300 மீட்டரில் 40 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். பாராகிளைடரின் வேகம் 38 என்று முன்பே பார்த்தோம். கரையில் இதமாகத் தோன்றிய காற்று, முந்நூறு மீட்டர் மேலே அதை எதிர்த்து நின்றால் பின்னுக்குத் தள்ளுகிற காற்றாகிவிட்டது. உச்சி வெயிலில் காற்று மேலும் கீழும் கலப்பதால் இந்த வேறுபாடு குறையும், மாலையில் கூடும். ஆகவே எண்களைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தரையில் நிற்பவரின் முகம் மேலே உள்ள காற்றுக்கு நம்பகமான அளவுகோல் ஆகாது என்ற முடிவு மாறாது.

மட்டமான நிலத்திலும் கயிறு கட்டி இழுத்துப் பறக்கவிடலாமே என்பது வலுவான மறுப்பு. பல சமவெளி நாடுகளில் அப்படித்தான் பழகுகிறார்கள். வின்ச் என்ற இயந்திரம் தரையிலிருந்து கயிற்றைச் சுருட்ட, பாராகிளைடர் பட்டம்போல உயர்ந்து, உச்சியில் கயிற்றைக் கழற்றிவிட்டுத் தன் போக்கில் மிதக்கும். 400 மீட்டர் உயரத்தில் கழற்றினால், தெர்மல் இல்லாத காற்றில் ஐந்தரை நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். அந்த ஐந்தரை நிமிடத்துக்காகப் பயணி ஏற்றுக்கொள்வது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கயிற்றில் கட்டுண்டிருக்கும்போது இறக்கை சுதந்திரமாக மிதப்பதில்லை. முன்பு சொன்ன கைட்டின் நிலைக்கு வந்துவிடுகிறது, காற்றின் வேகம் முழுவதும் அதன்மேல் விழுகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 20-இலிருந்து 30-க்கு ஒரு வீச்சு வந்தால் விசை ஒன்றரை மடங்காகாது, இரண்டேகால் மடங்காகும். இதனால்தான் இழுக்கும் விசைக்கு எல்லை வைக்கும் கருவியும், எல்லை மீறினால் தானே அறுந்துவிடும் இணைப்பும், பயிற்சி பெற்ற வின்ச் இயக்குநரும் இல்லாமல் இழுவையைத் தொடக்கூடாது. ஜீப்பின் பின்னால் கயிறு கட்டிக் கடற்கரைகளில் நடத்தப்படும் பாராசெய்லிங்கை இதனோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அங்கே மேலே போகிறவர் கையில் பெரும்பாலும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அவர் உயிர் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரிடம் இருக்கிறது. இழுவைக்கு வான்வெளி அனுமதியும் வேண்டும். உச்சிப்புளியில் 2009 முதல் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து வான்தளம் இயங்கும் மாவட்டத்தில், சர்வதேசக் கடல் எல்லைக்கு அருகே, அது சடங்குக்காகக் கேட்கப்படும் அனுமதி அல்ல.

விழுந்தாலும் கடல்தானே, மெத்தைபோல இருக்குமே என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. இதைக் கடுமையாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. பாராகிளைடர் இருக்கையின் முதுகுப்புறத்தில் அடியைத் தாங்க நுரைமெத்தையோ காற்றுப்பையோ வைத்திருக்கிறார்கள். தரையில் உயிர் காப்பது அதுவே. நீரில் அது மிதந்து, அமர்ந்திருப்பவரை முகங்குப்புறத் திருப்பிவிடும். மேலே நனைந்த துணி, சுற்றிலும் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு மெல்லிய கயிறு, இடுப்பிலும் தொடையிலும் பூட்டிய வார். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதில் மாட்டிக்கொள்வார். வாடை வீசும் மாதங்களில் வாலிநோக்கத்தின் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறது. மேலே 40 கிலோமீட்டர் வேகக் காற்றில் திரும்ப முடியாமல் போன பாராகிளைடர் மன்னார் வளைகுடாவுக்குள்தான் போக வேண்டும். அங்கே இருக்கும் தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளத் திட்டும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாத இடம் என்பதோடு, பவளப் பாறை விழுபவரைத் தாங்கும் மெத்தையும் இல்லை.

இவ்வளவையும் பைலட் அறிந்தால் போதாதா, பயணி எதற்கு என்பது கடைசி மறுப்பு. பேருந்தில் ஏறுகிறவர் எஞ்சினைப் படிப்பதில்லை என்பார்கள். ஆனால் இருவர் பறக்கும் பாராகிளைடரில் பயணி சும்மா ஏற்றப்படும் சரக்கு இல்லை. புறப்பாட்டில் அவர் ஓடியாக வேண்டும். இறக்கை தாங்கத் தொடங்க மணிக்கு 25 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். எதிர்க்காற்று 13 கொடுத்தால் மீதி 12-ஐ இரண்டு பேரின் கால்கள் கொடுக்க வேண்டும். பயணி முன்னால் நிற்பவர். கால் தரையைவிட்டு எழும் முன்பே பயந்தோ ஆசைப்பட்டோ உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருப்பவரின் ஓட்டமும் நின்றுபோகும். மலையின் மெல்லிய எதிர்க்காற்று நண்பனாக இருப்பதும், வாலிநோக்கத்தின் கனத்த காற்று எதிரியாக மாறுவதும் இந்த ஒரே கணக்கின் இரண்டு முனைகள்: 13 உதவுகிறது, 30 இருவரையும் ஓட விடாமல் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பறப்பின் பாதுகாப்பு பெரும்பாலும் புறப்படுமுன்னரே முடிவாகிவிடுகிறது: எந்த இடம், எந்த மாதம், எந்த மணி, எந்தக் காற்று. வான்விளையாட்டுகளுக்கு 2004-இலேயே விதிகள் வகுத்த ஹிமாச்சலப் பிரதேசம் ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்கை முற்றாக நிறுத்திவைக்கிறது. அந்த இரண்டு மாதமும் பைலட்டுகள் திறமையை இழந்துவிடுவதில்லை. மழைக்காலக் காற்று திறமைக்குக் கட்டுப்படாதது என்பதே காரணம். 2025 ஜனவரியில் கோவாவின் கேரி கடற்கரை மேட்டில் இருவர் பாராகிளைடர் ஒன்று விழுந்து பயணியும் பைலட்டும் உயிரிழந்தார்கள். விசாரணையில் அந்தப் பறத்தல் உரிய அனுமதி இல்லாமல் நடத்தப்பட்டது என்று தெரியவந்தது. பைலட்டும் பயணியும் ஒரே கயிற்றில் தொங்குகிறார்கள். பைலட்டுக்கும் உயிர்ப் பயம் உண்டு. ஆனால் வரிசையில் காத்திருக்கும் பத்துப் பேரும், அன்றைய வருமானமும், முதலாளியின் அவசரமும் அவர் தோளின்மேல் கூடுதலாக உட்கார்ந்திருக்கின்றன. பயணியால் குறைக்க முடிந்த சுமை அதுதான். பணம் கட்டும் முன்னரே சில கேள்விகள் கேட்கலாம்: இப்போது மேலே காற்று எவ்வளவு, இதை எதைக்கொண்டு அளந்தீர்கள், ஏற்றம் சரிவிலிருந்து வருகிறதா வெயிலிலிருந்து வருகிறதா, அது நின்றுபோனால் எங்கே இறங்குவோம், மாற்றுப் பாராசூட் இருக்கிறதா, கடைசியாக அது எப்போது மடித்துக் கட்டப்பட்டது. இவற்றோடு, காற்று சரியில்லை என்று புறப்படும் இடத்திலேயே பைலட் என்னைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். கிடைக்கும் என்ற பதில் எழுத்தில் வந்தால், வேண்டாம் என்று சொல்ல அந்த பைலட்டுக்கு அன்று ஒரு தடை குறைகிறது.